ஏழாவது பந்துவீச்சாளர்

2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் ஆஸ்திரேலியாவை இந்தியப் பெண்கள் அணி வீழ்த்திய மறுநாள், என் கண்ணில் பட்ட தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தன. ஜெமிமா ரோட்ரிக்ஸ் அழுதார். குடும்பத்தாரைக் கட்டிக்கொண்டார். தொடர் முழுக்க மனப்பதற்றத்தோடு போராடியதைச் சொன்னார். எல்லாம் உண்மை. மைக் முன்னால் நின்று அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 134 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்தவர் அதை எப்படி எடுத்தார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெண் எதை வாசிப்பது?

அந்த 127இல் ஒரு சிக்ஸர்கூட இல்லை. பவுண்டரிகள் 14. அதாவது 56 ரன் எல்லைக்கோட்டைத் தொட்டவை, மீதி 71 ரன் காலால் ஓடி எடுத்தவை. எதிர்முனையில் ஆடியவர்கள் அடித்ததற்கும் அவர்தான் ஓடினார். அதற்கு முன் ஐம்பது ஓவர் களத்தடுப்பில் நின்றிருந்தார். இலக்கு 339. பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் துரத்தி எட்டாத எண் அது. முந்தைய சாதனை 331, அதே ஆஸ்திரேலியா அதே மாதம் 12ஆம் தேதி நம் அணிக்கு எதிராகவே எட்டியது. இவ்வளவு பெரிய எண்ணைத் துரத்தும்போது கை தானாகவே தூக்கி அடிக்கப் போகும். போகாமல் பிடித்துவைத்து, ஒவ்வொரு ஓவரிலும் களத்தின் எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று பார்த்து அங்கே தள்ளி ஓடியதுதான் அந்த ஆட்டம். ஹர்மன்பிரீத் கவுர் 88 பந்தில் 89 எடுத்தார். இருவரும் சேர்த்தது 167. தூக்கி அடிக்கும் வேலை ஒருவருக்கு, ஓட்டை அடைக்கும் வேலை மற்றவருக்கு. 82இல் ஜெமிமா கொடுத்த கேட்சை ஆஸ்திரேலியத் தலைவி அலிசா ஹீலி விட்டார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு ஆட்டத்தைப் பாராட்டுவதென்றால் அதன் அதிர்ஷ்டத்தையும் எண்ணிக்கையில் சேர்ப்பது.

நான் சுழற்பந்து வீசியவள். தாம்பரத்திலிருந்து விடியற்காலை மின்ரயில் பிடித்துப் பயிற்சிக்குப் போய், மாவட்டம், பல்கலைக்கழகம், மாநிலத் தேர்வு முகாம் என்று வரிசையில் நின்று, அங்கேயே நின்றுபோனவள். இப்போது பெண்கள் கிளப் அணிகளுக்கு ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறேன். எந்தப் பந்து எங்கே விழுந்தது, எந்த மட்டையாளர் எந்தப் பக்கம் திணறுகிறார் என்று கட்டம் போட்ட நோட்டில் எழுதுவது. இந்த உலகக் கோப்பையில் இந்தியா ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் அந்த நோட்டோடுதான் பார்த்தேன். என் குறைபாடு அதிலிருந்தே தொடங்குகிறது: நோட்டில் எழுதிய கதையும் வெளியே கேட்ட கதையும் வெவ்வேறு தொடர்களைப் பற்றியவைபோல் இருந்தன.

என் நோட்டின் கதை பந்துவீச்சாளர் எண்ணிக்கை பற்றியது. அக்டோபர் 9 அன்று விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றோம். நடீன் டி கிளர்க் 84 எடுத்து ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். 12ஆம் தேதி அதே ஊரில் 330 அடித்தும் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். இரண்டு ஆட்டத்திலும் ஐந்து முழுநேரப் பந்துவீச்சாளர்கள்தான். ஒருவர் அடி வாங்கினால் மாற்றிக்கொடுக்க ஆறாவது ஆள் இல்லை. அதனால் 19ஆம் தேதி இந்தூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு மட்டையாளரை நீக்கி ரேணுகா சிங்கைச் சேர்த்தார்கள். நீக்கப்பட்டவர் ஜெமிமா. அந்த ஆட்டத்தில் பந்துவீச்சு ஓரளவு தாக்குப்பிடித்தது, துரத்தும்போது நான்கு ரன்னில் தோற்றோம். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. நியூசிலாந்துக்கு எதிராக ஜெமிமா மூன்றாம் இடத்தில் திரும்பி வந்து 76 எடுத்தார், ஆட்டமிழக்கவில்லை. பகுதிநேரமாக ஆஃப் ஸ்பின் வீசக்கூடிய பிரதிகா ராவல் அன்று 122 அடித்தார். அடுத்த ஆட்டத்தில் அவருக்குக் காயம். அவர் இடத்துக்கு, முதலில் அறிவித்த அணியில் பெயரே இல்லாத ஷஃபாலி வர்மா அழைக்கப்பட்டார்.

மூன்று தோல்விகள் வரிசையாக வந்த பத்து நாட்களில் இதையெல்லாம் பேச எவ்வளவோ இடமிருந்தது. அப்போது கேட்டதோ அடுப்படி வசனம். சம்பளம் சமமாகக் கொடுத்தால் ஆட்டமும் சமமாக வருமா என்ற நக்கல். (சமம் என்பது ஆட்ட ஊதியத்தில் மட்டும்: 2022 அக்டோபர் அறிவிப்பின்படி டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி என்று இருந்தபோது பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம்தான். நக்கலடித்தவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.)

நவம்பர் 2, இறுதி ஆட்டம். மழையால் இரண்டு மணி நேரம் தாமதமாகி மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. இந்தியா 298. தென்னாப்பிரிக்கத் தலைவி லாரா வோல்வார்ட் ஒரு முனையில் அசையாமல் நிற்கிறார், மறுமுனையில் சூனே லூஸ். 114க்கு இரண்டு விக்கெட். இந்தியாவிடம் அன்று ஆறு பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். ஹர்மன்பிரீத் 21ஆவது ஓவரை ஏழாவது ஆளான ஷஃபாலியிடம் கொடுத்தார். அந்த ஓவரிலேயே லூஸ் அவர் கையிலேயே கேட்ச் கொடுத்தார். அடுத்த ஓவரில் மரிசான் காப் போனார். ஆட்டம் முடிந்தபின் எண்களைப் பாருங்கள்: கிராந்தி, அமன்ஜோத், ராதா மூவரும் சேர்ந்து 12 ஓவரில் 95 ரன் கொடுத்தார்கள், விக்கெட் இல்லை. ஷஃபாலி 7 ஓவரில் 36 ரன், 2 விக்கெட். அக்டோபர் 9இலிருந்து அணியை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு நவம்பர் 2இல் கிடைத்த விடை அது. தீப்தி சர்மா ஐந்து விக்கெட் எடுத்து முடித்துவைத்தார் என்றால், அவருடைய ஓவர்களைக் கடைசிவரை சேமித்துவைக்க முடிந்தது இதனால்தான்.

இதை எல்லோரும் 'அதிசயம்' என்றார்கள், 'கடவுள் அனுப்பினார்' என்றார்கள். உள்ளுணர்வு என்று ஹர்மன்பிரீத்தே சொன்னார். தலைவிகள் அப்படிச் சொல்வது வழக்கம், அதில் தவறில்லை. விமர்சகர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை. 2007 செப்டம்பரில் டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரை தோனி ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு எத்தனை விளக்கவுரை உண்டு என்று தெரியும். பதினெட்டு ஆண்டுகளாக டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி அரங்கம்வரை அது வியூகம், மூளை, கணக்கு. ஆணின் உள்ளுணர்வுக்கு உரை எழுதுகிறோம், பெண்ணின் முடிவை உள்ளுணர்வு என்று சுருக்குகிறோம்.

இது கிரிக்கெட்டில் தொடங்கியது இல்லை. நாற்பது பேருக்கு உப்புப் பார்க்காமல் குழம்பு வைப்பவளிடம் இருப்பதை நாம் அறிவு என்று சொல்வதில்லை, கைப்பக்குவம் என்கிறோம். பிரசவம் பார்த்த பாட்டியிடம் இருந்தது கைராசி. பல ஆண்டு கவனித்துச் சேர்த்த அறிவைக் கையில் தங்கிய ஏதோ வரம்போல ஆக்கிவிடும் சொற்கள் இவை. புகழ்ச்சிதான். அந்தப் புகழ்ச்சியில் அவள் யோசித்தாள் என்பது காணாமல் போகிறது. அறிவென்று ஒப்புக்கொண்டால் அவளிடம் போய்க் கேட்டுக் கற்க வேண்டிவரும்.

சொற்களைப் பற்றியே இன்னும் கொஞ்சம். 2021இல் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 'பேட்ஸ்மேன்' என்ற சொல்லை நீக்கி 'பேட்டர்' என்று மாற்றியது. தமிழுக்கு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை. மட்டையாளர், பந்துவீச்சாளர், ஆட்டக்காரர் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொற்கள் ஏற்கெனவே நம்மிடம் இருந்தன. வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றோர் தமிழில் வர்ணனை செய்த காலத்திலிருந்தே பழகிய வழி அது. இருந்தும் பெண்கள் ஆடினால் உடனே 'வீராங்கனை' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கனை என்றால் வடமொழியில் பெண். வீரர் என்பதில் ஆண் என்ற சொல் இல்லை, வீராங்கனையில் பெண் என்ற சொல் இருக்கிறது. 'பந்துவீச்சு வீராங்கனை' என்று நான்கு அசை கூட்டி எழுதுவதற்கு ஒரே காரணம், ஓடுகிறவர் பெண் என்று ஒவ்வொரு வரியிலும் நினைவூட்டுவதுதான்.

அதைவிட நுணுக்கமானது வினைமுற்று. பேச்சுத் தமிழ் வர்ணனையில் ஆண் ஆட்டக்காரருக்கு இரண்டு வழி உண்டு. 'அடிச்சாரு' என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆட்டம் சூடுபிடித்தால் 'என்னமா அடிச்சான் பாரு' என்று உரிமையோடு தோளில் கைபோடலாம். பெண்ணுக்கு 'அடிச்சாங்க' ஒன்றுதான். 'அடிச்சா' என்று ஒலிபரப்பில் சொன்னால் அவமரியாதை என்று பதறுவார்கள். நியாயமான பதற்றம்தான். ஆனால் அதனால் பெண் எப்போதும் மரியாதையான தூரத்திலேயே நிற்கிறாள். விருந்தாளியைப் பேசுவதுபோல் அவளைப் பேசுகிறோம். எங்கள் பயிற்சிக் களத்தில் ஒருத்தி நல்ல பந்து போட்டால் 'செமயா போட்டாடி' என்று கத்துவோம். அந்த 'டி'யில் இருக்கும் நெருக்கத்தையும் தொழில் மதிப்பையும் ஒலிபரப்புத் தமிழ் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மரியாதை போதாதென்று 'நம்ம பொண்ணுங்க' வேறு. அந்த உலகக் கோப்பையின்போது ஹர்மன்பிரீத்துக்கு 36 வயது. அதே வயதில் ஆடும் ஆணை யாரும் 'நம்ம பையன்' என்பதில்லை.

பிறகு 'சிங்கப்பெண்'. 2019இல் 'பிகில்' வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் எந்தப் பெண் எந்தப் பதக்கம் வாங்கினாலும் இந்தப் பட்டம் தயாராக இருக்கிறது. அந்தப் படத்தில் பெண்கள் கால்பந்து ஆடுகிறார்கள், ஆட்டத்தை யோசிப்பவர் விஜய். உடல் பருமனான ஒரு ஆட்டக்காரியை உருவத்தைச் சொல்லித் திட்டி, அந்த ஆத்திரத்தில் அவளை ஓடவைப்பது அங்கே பயிற்சி முறையாகவே காட்டப்படுகிறது. 'இறுதிச்சுற்று' ஒரு பெண் இயக்கிய நல்ல படம். அங்கேயும் மாதவன் வேண்டியிருந்தது. 'கனா' இவற்றில் எனக்கு நெருக்கமானது. கிராமத்துப் பெண் பையன்களோடு ஆடிக் கற்றுக்கொள்வதை அது பொறுமையாகக் காட்டுகிறது. ஆனாலும் அவளுக்கு அவளையே விளக்கிச் சொல்ல சிவகார்த்திகேயன் வந்தாக வேண்டும். மூன்று படத்திலும் பெண்ணிடம் இருப்பது திறமை, கோபம், கண்ணீர். எதிரணியைப் படித்து, இவள் இந்தப் பக்கம் பலவீனம் என்று சொல்லும் பெண் ஒருத்திகூட இல்லை. அந்த வேலைதான் என் பிழைப்பு என்பதால் இது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

நிஜத்திலும் அதே வரிசைதான். ஒரு கலந்துரையாடல் நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெண்கள் கிரிக்கெட் பற்றி. பக்கத்தில் ஆண்கள் ஆட்டம் ஆடிய இருவர். களத்தடுப்பு அமைப்பு, பனி ஈரத்தில் சுழற்பந்து எப்படி வழுக்கும், கடைசிப் பத்து ஓவர் கணக்கு எல்லாம் அவர்களுக்கு. எனக்கு வந்த கேள்வி வீட்டில் எப்படி ஆதரவு, வெயிலில் நின்றால் நிறம் போகாதா. பனி ஈரத்தில் பந்தைப் பிடித்து வீசிப் பழகிய விரல் அந்த மேசையில் என்னுடையது மட்டும்தான். 2003 உலகக் கோப்பையில் மந்திரா பேடி தொகுப்பாளராக வந்தபோது நாடே அவருடைய ரவிக்கைப் பட்டியைப் பேசியது. இன்று அஞ்சும் சோப்ரா, மிதாலி ராஜ், இஷா குஹா, லிசா ஸ்தலேகர் என்று முழுக்க ஆடி முடித்தவர்கள் மைக் பிடிக்கிறார்கள். முன்னேற்றம்தான். ஆனால் இறுதி ஆட்டம் முடிந்த இரவில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது, மிதாலியும் ஜூலன் கோஸ்வாமியும் அஞ்சுமும் கோப்பையை வாங்கிக் கண்கலங்கியது. 2005 இறுதியிலும் 2017 இறுதியிலும் தோற்ற இருவர் அங்கே நின்றார்கள். அந்த இரண்டு தோல்வியையும் இந்த வெற்றியையும் ஒப்பிட்டு அவர்கள் பேசினால் கேட்க எவ்வளவு இருக்கும்! லார்ட்ஸில் ஒன்பது ரன்னில் கைவிட்டுப்போனதற்கும் இங்கே 52 ரன்னில் வென்றதற்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்க நான் காத்திருந்தேன்.

இறுதி முடியும்போது நள்ளிரவு. குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் பக்கம் பெண்கள் விடுதிகளில் கதவு அதற்கு வெகுநேரம் முன்பே பூட்டப்பட்டுவிடும். விளக்கையும் அணைக்கச் சொல்வார்கள். போர்வைக்குள் போனை வைத்து, ஒரு இயர்போனை இரண்டு பேர் பங்கிட்டுப் பார்த்ததாக மாணவிகள் சொன்னார்கள். ஐ.பி.எல். இறுதிக்கு ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் கூட்டம் கூடி நின்று பார்ப்பதைப்போல் அவர்கள் எங்கே போய் நிற்பது? முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் ஞாயிறு காலையில் காலி மனை ஒவ்வொன்றிலும் நாலைந்து ஆட்டம் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நடக்கும். அதில் ஒரு பெண்ணைப் பார்த்தால் அவள் தம்பியைக் கூப்பிட வந்தவளாக இருப்பாள். ஆட்டத்தைப் படிக்கும் கண் காலி மனையில்தான் உருவாகிறது. மாதக் கட்டணம் கட்டிப் பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கு மட்டை பிடிக்கத் தெரிகிறது, ஆனால் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்து பிறர் ஆடுவதை வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைப்பதில்லை. விமர்சகி உருவாக அந்த வெட்டி நேரம் தேவை. நம் வீடுகள் பெண்ணுக்குத் தர மறுக்கும் முதல் பொருளே அதுதான்.

இந்த அணியில் தமிழ்நாட்டுப் பெண் யாரும் இல்லை என்று ஒரு குறை பேசப்பட்டது. இருந்தவரை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் சென்னையின் திருஷ் காமினி. 2013 ஜனவரி 31, மும்பை பிரபோர்ன் மைதானம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100. அடுத்த ஆண்டு மைசூர் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192. அந்த 2013 தொடரின் சில ஆட்டங்கள் வான்கடேயில் நடக்க வேண்டியவை. மும்பை ரஞ்சி இறுதிக்குப் போனதால் பெண்களின் உலகக் கோப்பை ஆட்டங்கள் பக்கத்து மைதானத்துக்கு நகர்ந்தன. உள்ளூர் ஆண்கள் ஆட்டத்துக்கு உலகத் தொடர் இடம் விட்டது. 2024இல் சேப்பாக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 அடித்தது, பெண்கள் டெஸ்டில் ஒரு அணி எடுத்த அதிகபட்சம். அதில் 205 ஷஃபாலியுடையது. நம் ஊரில் நடந்த ஆட்டம். நவம்பர் 2க்குப் பிறகு 'யாரிந்த ஷஃபாலி' என்று கேட்டவர்கள் சேப்பாக்கத்துக்கு மின்ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்.

வென்ற அணியின் தலைமைப் பயிற்சியாளர் அமோல் முசும்தார். முதல்தர ஆட்டத்தில் 11,000 ரன்னுக்கு மேல் எடுத்தும் இந்தியாவுக்காக ஒருமுறைகூட ஆடாதவர். அவர் கதைக்குள் ஒரு வலி இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. ஊடகம் அவரை உடனே 'சக் தே இந்தியா'வின் கபீர் கான் ஆக்கியது. ஹாக்கி ஆடிய பதினாறு பெண்களைவிட ஷாருக் கானை நினைவில் வைத்திருக்கும் நாட்டில் வேறெப்படி இருக்கும். பந்துவீச்சுப் பயிற்சியாளர், களத்தடுப்புப் பயிற்சியாளர் இருவரும் ஆண்கள்தான். 2017 உலகக் கோப்பைக்குச் சில வாரங்களுக்கு முன் பூர்ணிமா ராவ் நீக்கப்பட்ட பிறகு இந்த அணிக்கு நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக ஒரு பெண் வந்ததில்லை. ஆடியவள் அழலாம், வாழ்த்தலாம், கோப்பையைத் தொடலாம். அணியைக் களத்துக்கு அனுப்பும் நாற்காலி அவளுக்கு நிற்கவில்லை.

அதற்குத் தகுதி இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது பயிற்சியாளர் நூஷின் அல் காதிர், 2005 உலகக் கோப்பை அணியில் ஆஃப் ஸ்பின் வீசியவர். அணித் தலைவி ஷஃபாலி வர்மா. இறுதியில் இங்கிலாந்து 68க்குச் சுருண்டது. நவி மும்பையில் 'அதிசயமாக' பந்து கொடுக்கப்பட்ட அதே ஷஃபாலி அன்றும் பந்து வீசினார், ஒரு விக்கெட் எடுத்தார்.